முதல் கப்பல் டை ஃபைட்டரா, எக்ஸ்-விங்கா? திருகோணமலை மேசைச் சண்டை

உவர்மலையான்:
நேற்று டைக்வீதி எழுதியதைப் படித்துவிட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதைத் தொடங்குகிறேன். ஸ்டார் வார்ஸ் குட்டிக் கப்பல்களை வைத்து ஆடும் எக்ஸ்-விங் மேசை விளையாட்டுக்குப் புதிதாக வரும் ஒரு தம்பி, "முதலில் எந்தக் கப்பலை எடுக்கலாம்?" என்று நம் குழுவில் கேட்டார். டைக்வீதி சொன்ன பதில் இது: "டை ஃபைட்டர் மூன்று எடு. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். அதைவிட இலகுவான கப்பல் கிடையாது."

டை ஃபைட்டருக்கு ஷீல்ட் (கப்பலின் உடலான ஹல்லுக்கு முன் அடி வாங்கும் கவசம்) சுழியம். ஹல் மூன்று. கண்ணை மூடினால் கப்பல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். சுட உருட்டும் சிவப்பு டைஸுக்கு எட்டு முகம்: அடி மூன்று, கிரிட் (கடும் அடி) ஒன்று, ஃபோகஸ் இரண்டு, வெற்று இரண்டு. எக்ஸ்-விங் ரேஞ்ச் 1 க்குள், அதாவது மிகக் கிட்ட வந்து, ஃபோகஸ் முகத்தையும் அடியாக்கும் ஃபோகஸ் டோக்கனோடு சுட்டால் நான்கு சிவப்பு டைஸ். எதிரே நிற்கும் டையிடம் டோக்கன் இல்லையென்றால், அந்த ஒரே சூட்டில் அது மேசையை விட்டுப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 32 வீதம். மூன்றுக்கு ஒன்று. இதுவா இலகு?

டைக்வீதி:
"எதிரே நிற்கும் டையிடம் டோக்கன் இல்லையென்றால்." இந்த வரிக்குள்தான் அண்ணை தன் முழுக் கட்சியையும் ஒளித்து வைத்திருக்கிறார். ஏன் டோக்கன் இல்லை? டை ஃபைட்டருக்கும், நகர்ந்தபின் டோக்கன் எடுக்கிற ஃபோகஸ் ஆக்‌ஷன் இருக்கிறது. தப்பிக்க உருட்டும் பச்சை டைஸில் எவேட் (தப்பல்) மூன்று முகம், ஃபோகஸ் இரண்டு, வெற்று மூன்று. டோக்கன் கையில் இருந்தால் எட்டில் ஐந்து முகம் எனக்கு வேலை செய்யும். அதே ரேஞ்ச் 1, அதே நான்கு சிவப்பு டைஸ், ஆனால் இப்போது டை சாகும் வாய்ப்பு 12 வீதம். ரேஞ்ச் 3 இல் நின்றால் ஒரு வீதம்கூட வராது. இந்தக் கணக்கை ஏன் எழுதவில்லை?

இலகு என்று நான் சொன்னதற்குக் காரணம் அட்டை. டைக்கு ஃபோகஸ், எவேட், பரல் ரோல், அவ்வளவுதான். எக்ஸ்-விங்குக்கு லாக் வேறு, சிறகை விரிக்கிற மூடுகிற அட்டை வேறு, ரோபோ அட்டை வேறு. முதல் நாள் வருகிறவன் விளையாடுவானா, அட்டை வாசிப்பானா?

உவர்மலையான்:
ஷீல்ட் சுழியம். இதற்குப் பதில் வரவில்லை.

அட்டை வாசிப்பதைப் பற்றிப் பேசியதால் கேட்கிறேன். ஷீல்ட் இருக்கிற கப்பலில் கிரிட் விழுந்தால் ஷீல்டில் ஒன்று போகும், கதை முடிந்தது. ஷீல்ட் இல்லாத கப்பலில் முதல் கிரிட்டே முகம் மேலே பார்க்கிற சேத அட்டை. அதை எடுத்து வாசிக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். என்ஜின் பழுதானால் திருப்பமெல்லாம் கடினம். யார் கூடுதலாக வாசிக்கிறார்கள் தம்பி?

எக்ஸ்-விங்கைப் பாருங்கள். ஷீல்ட் இரண்டு, ஹல் நான்கு. டை ஒன்று ரேஞ்ச் 1 இல் வந்து மூன்று டைஸும் பட்டாலும் ஷீல்ட் இரண்டும் போய் ஹல்லில் ஒன்று குறையும். ஒரே சூட்டில் சாகவே சாகாது. பிழை விட்டவனுக்கு அடுத்த சுற்று இருக்கிறது.

கிண்ணியாவான்:
எக்ஸ்-விங்குக்கு ஹல் மூன்று. நான்கு என்று எங்கிருந்து வந்தது?

உவர்மலையான்:
கிண்ணியா நானா, உங்களிடம் இருப்பது 2012 பெட்டி. 2018 இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஹல் நான்கு ஆகிவிட்டது.

கிண்ணியாவான்:
என் பெட்டியில் அச்சடித்திருக்கிறது மூன்று. அச்சடித்ததை விட்டுவிட்டு நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமா? என் மூத்தவன் கட்டாரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பெட்டி. அதைப் பழசு என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

டைக்வீதி:
பார்த்தீர்களா? எந்தப் பதிப்பு என்றே முடிவில்லை, அதற்குள் அண்ணை தீர்ப்பு எழுதிவிட்டார்.

உவர்மலையான்:
எந்தப் பதிப்பாக இருந்தாலும் டைக்கு ஷீல்ட் சுழியம்தான். 2012 இலும் சுழியம், 2018 இலும் சுழியம். நானாவின் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கிண்ணியாவான்:
சுழியம்தான். ஆனால் எக்ஸ்-விங்குக்கு ஹல் மூன்று.

புதுவரவு:
அண்ணைமார், கேள்வி கேட்டது நான்தான். கனடாவில் இருந்து மாமா அடுத்த மாதம் வருகிறார். புதிதாக இனி எதுவும் வராது என்று 2024 இல் அட்டாமிக் மாஸ் நிறுவனம் அறிவித்துவிட்டதால், பாவித்த பெட்டி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்கிறார். எந்தக் கப்பலைச் சொல்ல?

சாம்பல்தீவு_சிட்டு:
தம்பி, ஆரம்பப் பெட்டி கிடைத்தால் அதில் எக்ஸ்-விங் ஒன்றும் டை இரண்டும் சேர்ந்தே வரும். இரண்டு பதிப்பிலும் அப்படித்தான். இந்தச் சண்டையே தேவையில்லை.

உவர்மலையான்:
தேவைதான் தங்கச்சி. பெட்டியில் இரண்டும் இருக்கிறது, ஆனால் மேசையில் அவர் கையில் எதைக் கொடுக்கிறோம்? இருவர் உட்கார்ந்தால் ஒருவருக்கு டைதான். அதைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

இப்போது டைக்வீதியின் 12 வீதத்துக்கு வருகிறேன். ஃபோகஸ் இருந்தால் 12, இல்லாவிட்டால் 32. சரி. முதல் நாள் மூன்று டையை ஓட்டுகிறவர் கையில் ஃபோகஸ் இருக்குமா? என் வீட்டு மாடியில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். நடப்பதைச் சொல்கிறேன். மூன்றையும் நெருக்கமாக வைப்பார், இரண்டு முன்னால், ஒன்று பின்னால். முன்னால் உள்ளவற்றுக்கு, நகர்வைத் தேர்ந்தெடுக்கும் டயலில் 2 வளைவு, பின்னால் உள்ளதற்கு 3 நேர். மூன்றுக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (நகரும் வரிசை எண்) என்பதால் எதை முதலில் நகர்த்துவது என்பது அவர் விருப்பம். கைக்கு எது கிட்டவோ அதை எடுப்பார், அது பின்னால் உள்ளதாக இருக்கும். அளவுத் தட்டை வைத்துக் கப்பலை நகர்த்தினால் முன்னால் நிற்பதன் பேஸ் (அடித்தட்டு) மேல் ஏறுகிறது. தட்டின் வழியே பின்னுக்கு இழுத்து முட்டிக்கொண்டு நிற்க வைப்போம். முட்டினால் அந்தக் கப்பலுக்கு அந்தச் சுற்றில் ஆக்‌ஷன் இல்லை. ஆக்‌ஷன் இல்லையென்றால் ஃபோகஸ் இல்லை. 12 எங்கே, 32 எங்கே?

டைக்கு 1 நேர் நகர்வும் கிடையாது. மிக மெதுவாக நேரே போனாலும் 2. நின்று யோசிக்க அந்தக் கப்பல் இடம் தராது. எக்ஸ்-விங் டயலில் 1 நேர் இருக்கிறது, அதுவும் நீலம், அதாவது இலகு நகர்வு; கடின நகர்வால் ஏறிய ஸ்ட்ரெஸ் டோக்கன் இருந்தால் கழன்றுவிடும். இவ்வளவுக்கும் மேலே ஷீல்ட் சுழியம்.

டைக்வீதி:
முட்டிக்கொள்வது கப்பலின் பிழையா, சொல்லிக் கொடுத்தவரின் பிழையா? "முன்னால் நிற்பதை முதலில் நகர்த்து" என்று ஒரு வரி சொன்னால் முடிந்த காரியம். என்னிடம் பழகினவர்கள் முட்டுவதில்லை.

மூன்றில் ஒரு டை போனால் இரண்டு மிச்சம், ஆட்டம் தொடரும். படைக்கு 200 புள்ளி என்று இருந்தபோது எக்ஸ்-விங் நான்குதான் நின்றது, டை ஏழெட்டு நின்றது. அதில் ஹவுல்ரன்னர் என்ற டை பைலட்டையும் சேர்த்தால் அவர் பக்கத்தில் நின்று சுடுகிற ஒவ்வொரு கப்பலும் ஒரு சிவப்பு டைஸைத் திரும்ப உருட்டலாம். ஒரு எக்ஸ்-விங் போனால் படையில் கால்வாசி போச்சு. இதையும் எழுதுங்கள்.

உவர்மலையான்:
ஹவுல்ரன்னர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் நெருக்கமாகப் பறக்க வேண்டும். நெருக்கமாகப் பறந்தால் முட்டும். முட்டினால் ஃபோகஸ் இல்லை. நீங்களே என் பக்கம் வந்து நிற்கிறீர்கள்.

சீனக்குடா_பழசு:
தம்பிமார் இருவரும் ஊர்ச் சரித்திரத்தை மறந்துவிட்டீர்கள். 1942 ஏப்ரல் 9, ஜப்பானியர் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய நாள். அவர்களுடைய சீரோ விமானத்தில் விமானிக்குக் கவசத் தகடு கிடையாது, குண்டு பட்டால் தானாக ஓட்டையை அடைக்கும் எண்ணெய்த் தாங்கியும் கிடையாது. சீனக்குடாவில் இருந்து எழும்பிய ஹரிக்கேனில் கவசம் இருந்தது. அன்று வானத்தில் யார் கை ஓங்கியது? கவசம் இல்லாததுதான். டை ஃபைட்டரும் அதே வகை. வேகமும் திருப்பமும்தான் கவசம்.

டைக்வீதி:
ஐயா சொன்னது பொன்னான வார்த்தை. உவர்மலை அண்ணை இதைக் குறித்துக் கொள்ளட்டும்.

உவர்மலையான்:
குறித்துக் கொண்டேன் ஐயா, ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சீரோக்களை ஓட்டியது யார்? பேர்ல் ஹார்பரைத் தாக்கிவிட்டு வந்த நகுமோவின் கப்பற்படை விமானிகள். வருடக் கணக்கில் பழகின கைகள். அதே சீரோவில் 1944 இல் அவசரமாகப் பயிற்சி முடித்த பையன்களை ஏற்றி அனுப்பினார்கள். எப்படி விழுந்தார்கள் என்பது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழகினவன் கையில் கவசம் இல்லாத விமானம் சரி. நாம் பேசுவது முதல் நாள் வருகிறவரைப் பற்றி.

சீனக்குடா_பழசு:
1944 ஐ நான் பேசவில்லை. நான் பேசியது நம் ஊர் வானம். அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் இதே கடலில் மூழ்கடித்தார்கள்.

சாம்பல்தீவு_சிட்டு:
ஐயா, ஹெர்மிஸ் மூழ்கியது மட்டக்களப்புக்கு நேரே உள்ள கடலில். இங்கிருந்து தப்பித் தெற்கே போய், திரும்பி வரும்போதுதான் அடிபட்டது. மூழ்கடித்ததும் சீரோ இல்லை, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் 'வால்' (Val) என்ற பெயருள்ள விமானங்கள். ஹெர்மிஸில் அப்போது ஒரு விமானம்கூட இருக்கவில்லை.

சீனக்குடா_பழசு:
கிழக்குக் கரைக் கடல் எல்லாம் ஒரே கடல்தான் பிள்ளை. கப்பல் புறப்பட்ட இடத்தைத்தான் சொன்னேன்.

கிண்ணியாவான்:
யாரும் ஒய்-விங்கைப் பற்றிப் பேசுவதில்லை. என் முதல் கப்பல் அதுதான். பழைய பெட்டியில் ஹல் ஐந்து, ஷீல்ட் மூன்று, புதியதில் ஆறும் இரண்டும் என்கிறார்கள். எப்படிக் கூட்டினாலும் எட்டு. புதியவர் கையில் இலேசில் சாகாது.

டைக்வீதி:
நானா, ஒய்-விங்குக்குப் பச்சை டைஸ் ஒன்று. சிவப்பு டைஸ் இரண்டு. சாகவும் மாட்டாது, யாரையும் சாகடிக்கவும் மாட்டாது. பாதி ஆட்டத்தில் பிள்ளை எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடும்.

கிண்ணியாவான்:
என் ஒய்-விங் உங்கள் டை இரண்டைப் போட்ட நாளை மறந்துவிட்டீர்களா தம்பி? அயன் டரெட் (சுழலும் பீரங்கி அட்டை) பூட்டியிருந்தேன். சுட்டதும் உங்கள் டை கட்டுப்பாடு இழந்து 1 நேர் போய் மேசையில் தடையாக வைத்திருந்த விண்கல்லில் ஏறியது.

டைக்வீதி:
விண்கல் பேச்சை எடுத்துவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். உவர்மலை அண்ணையின் மாடியில் என் சூன்டிர் ஃபெல் (டை இன்டர்செப்டர் கப்பலின் பைலட்) விண்கல்லைத் தொடவே இல்லை. அளவுத் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. உவர்மலை அண்ணை குனிந்து பார்த்துவிட்டு "தொட்டது" என்றார். சிவப்பு டைஸ் உருட்டினேன், கிரிட் விழுந்தது. இன்டர்செப்டருக்கும் ஹல் மூன்று, ஷீல்ட் இல்லை. அடுத்த சுற்றிலேயே போய்விட்டது. தட்டு அவருடையது, மேசை அவருடையது, தீர்ப்பும் அவருடையது.

உவர்மலையான்:
தொட்டது. நான் மட்டும் பார்க்கவில்லை, சிட்டுவும் பார்த்தாள்.

சாம்பல்தீவு_சிட்டு:
நான் மற்றப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னை இழுக்க வேண்டாம்.

உவர்மலையான்:
சரி, விடுங்கள். ஆனால் தம்பி இப்போது தன் வாயாலேயே எழுதியிருக்கிறார்: "ஷீல்ட் இல்லை, அடுத்த சுற்றிலேயே போய்விட்டது." இவ்வளவு நாள் விளையாடுகிறவர், இனிஷியேட்டிவ் 6 உள்ள பைலட், மூன்று பச்சை டைஸ், எல்லாம் இருந்தும் ஒரு கல்லில் முடிந்தது. இதே இடத்தில் எக்ஸ்-விங் நின்றிருந்தால் அந்தக் கிரிட்டை ஷீல்ட் தின்றிருக்கும். இதைத்தான் முதல் வரியில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டைக்வீதி:
தொடாத கல்லுக்கு ஷீல்ட் எதற்கு?

உவர்மலையான்:
தொட்டது.

புதுவரவு:
மாமா இன்றிரவு பார்சல் கட்டத் தொடங்குகிறார். யாராவது ஒருவர் ஒரு பெயர் சொல்லுங்கள்.

சீனக்குடா_பழசு:
டை ஃபைட்டர் சொல்லு மகன்.

கிண்ணியாவான்:
ஒய்-விங். பழைய பெட்டி கிடைத்தால் அட்டை நான் தருகிறேன்.

உவர்மலையான்:
எக்ஸ்-விங் இரண்டு கேளுங்கள். வந்ததும் உவர்மலைக்குக் கொண்டு வாருங்கள், டயலில் இருந்து தொடங்கி எல்லாம் நானே சொல்லித் தருகிறேன். டைக்வீதியும் வரட்டும், மூன்று டையை எடுக்கட்டும், ஃபோகஸ் எடுத்தே பறக்கட்டும். அளவுத் தட்டை அவரே கொண்டு வரட்டும். சுழியம் ஷீல்டோடு எத்தனை சுற்று நிற்கிறார் என்று எல்லோரும் பார்ப்போம்.

டைக்வீதி:
உங்கள் மாடிக்கு நான் வரமாட்டேன். உட்துறைமுக வீதிப் பக்கம் பொது இடம் ஒன்று பாருங்கள், தட்டோடு வருகிறேன். அந்தத் தம்பிக்கு மூன்று டையை நானே இரவல் கொடுக்கிறேன், அவரே உங்கள் எக்ஸ்-விங்கை எதிர்த்து ஓட்டட்டும்.

உவர்மலையான்:
புதியவர் கையில் டையைக் கொடுத்து என் எக்ஸ்-விங்குக்கு முன்னால் நிறுத்தப் போகிறீர்களா? ஷீல்ட் சுழியம் தம்பி.

கிண்ணியாவான்:
ஹல் மூன்று உள்ள எக்ஸ்-விங்கா, நான்கு உள்ளதா? அதை முதலில் சொல்லுங்கள்.