புதுப்பிப்பு: அம்மம்மாவின் ஐம்பது சதக் காசுகள்

அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடந்த இரண்டு ஐம்பது சதக் காசுகளில் 1917ஆம் ஆண்டுக் காசு வெண்மையாகவும் 1921 சற்றே மங்கலாகவும் இருப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு பத்தர் (நகை செய்பவர்) தராசில் வைத்தார்; இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறை, 5.8 கிராம். உரசிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில கலப்புக் கூட" என்று 1921ஐத் தள்ளி வைத்தார். சரிதான். முதல் உலகப் போரோடு வெள்ளி விலை ஏற, 1919 முதல் இலங்கைக் காசில் வெள்ளி 80 வீதத்திலிருந்து 55 வீதமாக இறங்கியது. தலைப்பக்கம் அதே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். பார்த்தால் யாருக்குத் தெரியும்! பிரித்தானியாவும் 1920இல் தன் காசை 92.5இலிருந்து 50 வீதத்துக்கு இறக்கியது.

புளி போட்டு மினுக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம், மினுக்கிய காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. உருக்கினால் என்ன தேறும் என்று கேட்டவருக்கு: 1917இல் சுமார் 4.6 கிராம் வெள்ளி, மற்றதில் 3.2. உருக்குவதாக இல்லை.