லண்டன் வீட்டில் கன்சர்வேட்டரி: கட்டினால் பயன் உண்டா?

கேள்வி: ஹாரோவில் செமி வீடு (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியது), பின்பக்கம் தெற்குப் பார்த்தது. கன்சர்வேட்டரி என்கிற கண்ணாடி அறை ஒன்று கட்டினால் உண்மையிலேயே புழங்குவோமா, இல்லை சாமான் போடும் இடமாகிவிடுமா?

பதில் 1: தாராளமாகக் கட்டுங்கள். குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கே ஏங்குகிற ஊர் இது. எங்கள் கறிவேப்பிலைத் தொட்டி பனியில் கருகாமல் அங்கேதான் நிற்கிறது, வெயில் ஏறியதும் துளிர் விடும்.

பதில் 2: தெற்கு என்றால் ஜூலையில் வெந்துவிடும். பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் கூரை வேண்டவே வேண்டாம், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வெயிலைத் தடுக்கிற கண்ணாடியும் மேலே திறக்கிற ஜன்னலும் போடுங்கள்.

பதில் 3: செமி வீட்டுக்குப் பின்சுவரிலிருந்து 3 மீட்டர் வரை நீட்டிக் கட்ட, பொதுவாகக் கவுன்சிலின் திட்ட அனுமதி தேவையில்லை. அப்புறம், வீட்டுக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் இருக்கும் வெளிக்கதவை எடுத்துவிடாதீர்கள், வீட்டுச் சூடெல்லாம் அந்த வழியாகவே போய்விடும்.