டிஎஸ்எல்ஆருக்கு "ஆடிக்கேமரா": என் பரிந்துரையும் அக்கா கேட்ட முதல் கேமராவும்

எல்லாருக்கும் வணக்கம்.

மன்னார்குடி அக்கா நம்ம குழுவுல கேட்டது ரெண்டு கேள்வி. பையனுக்கு முதல் டிஎஸ்எல்ஆர் (டிஜிட்டல் சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், உள்ள கண்ணாடி வச்சு லென்ஸ மாத்திப் போடுற கேமரா) எது வாங்கலாம், அதுக்குத் தமிழ்ல என்ன பேரு. நாம ரெண்டாவத மட்டும் புடிச்சுக்கிட்டு ஒரு வாரமா ஓட்டிட்டோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது, பேரு சரியா அமைஞ்சா கடையில எதப் பாத்து வாங்கணும்னு அந்தப் பேரே சொல்லிடும்.

அந்தப் பேருக்கு "எண்ணிம ஒற்றை வில்லை எதிர்வினைப் படக்கருவி"ன்னு பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். ஐயா, உங்க உழைப்பு மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா இத ஏத்துக்க முடியலங்க. எதிர்வினைன்னா ஒண்ணு செஞ்சா பதிலுக்கு இன்னொண்ணு நடக்குறது. கேமராவுக்குள்ள வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்புது, ஆங்கிலப் பேருல ரிஃப்ளெக்ஸ்னு சொல்றது அதத்தான். அப்புறம் ஒற்றை வில்லை. கேமராவோட கூடவே வர்ற 18-55 லென்ஸ (மி.மீ. கணக்கு, எண் கூடக்கூடத் தூரத்துல இருக்குறது கிட்டத் தெரியும்) எடுத்தீங்கன்னா உள்ள பத்து வில்லைக்கு மேல இருக்கு, இயற்பியல் படிச்ச புள்ள ஒற்றை வில்லைன்னா ஒரே ஒரு கண்ணாடித் துண்டுன்னுதான் நினைக்கும், படிக்காதவங்க இதுக்கு ஒரே லென்ஸ்தான் போட முடியும் போலன்னு நினைப்பாங்க, ஆனா டிஎஸ்எல்ஆர் வாங்குறதே லென்ஸ மாத்தி மாத்திப் போடத்தானே.

அந்த "ஒற்றை" எங்கேருந்து வந்துச்சுன்னா, முன்னாடி ஸ்டுடியோக்கள்ல ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ் வச்ச பெட்டிக் கேமரா இருந்துச்சு, இடுப்பு உயரத்துல புடிச்சுக்கிட்டு மேலேருந்து குனிஞ்சு பாப்பாங்க. பாக்க ஒரு லென்ஸ், படம் புடிக்க ஒரு லென்ஸ். அதுலேருந்து பிரிச்சுக் காட்டத்தான் சிங்கிள்னு சொன்னாங்க. இன்னைக்கு முதல் கேமரா வாங்குற பையனுக்கு அந்த வேறுபாடு தேவையே இல்ல. டிஜிட்டலும் அப்படித்தான், கடையில ஃபிலிம் கேமரா எங்க இருக்கு, எண்ணிமத்தையும் விட்டுடலாம்.

இப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. கடையில கேமராவக் கையில வாங்கி லென்ஸக் கழட்டச் சொன்னா உள்ள 45 டிகிரி சாய்வுல சின்னதா ஒரு கண்ணாடி தெரியும் (விரல் வச்சுடாதீங்க, தூசு ஒட்டினா பரவால்ல, கீறல் விழுந்தா போச்சு). லென்ஸ் வழியா வர்ற காட்சிய அது மேல திருப்பி விடுது, மேல பட்டகத்துலயோ (பிரிசம்) சின்னக் கண்ணாடிங்கள்லயோ அது நேராகி நம்ம கண்ணுக்கு வருது. பட்டன அமுக்கினா கண்ணாடி டக்குனு மேல எழும்பும், ஷட்டர்ங்குற மறைப்பு திறக்கும், வெளிச்சம் படத்தப் பதியுற சென்சார்ல விழும், கண்ணாடி திரும்ப எறங்கும். நாம கேக்குற "சடக்" சத்தத்துல பெரும்பங்கு அந்தக் கண்ணாடியோடதுதான். திருவையாறு ஆராதனையில பஞ்சரத்தினம் பாடும்போது முன்வரிசைக்காரங்க திரும்பிப் பாக்குற சத்தம் அது.

ஆக, இந்தக் கேமராவோட உயிரே அந்தக் கண்ணாடி. அதனால என் பரிந்துரை ஆடிக்கேமரா. கண்ணாடியில்லாத மிரர்லெஸுக்கு ஆடியிலிக் கேமரா, பேச்சுல வெறும் ஆடியிலி. பள்ளிக்கூடப் புத்தகத்துல குழியாடி, குவியாடின்னு நம்ம புள்ளைங்க படிக்குற அதே ஆடிதான். ஒரு சொல்லு வச்சா அதோட எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்குது, ஐயாவோட நீளமான சொல்லுலேருந்து மிரர்லெஸுக்கு ஒரு பேரு உருவாக்கிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

யாழ்ப்பாணத்து நண்பர் "தெறிப்புக் கேமரா" சொன்னார். அவங்க பாடத்துல ஒளித்தெறிப்புன்னே வருது, அங்க அது நல்லாவே நிக்கும். நம்ம பக்கம் தெறிப்புன்னா தண்ணி தெறிக்குறதுதான் ஞாபகம் வரும், எதிரொளிப்புன்னுதான் நாம படிச்சோம்.

கும்பகோணத்துத் தம்பி சொன்ன மறுப்பு நியாயமானது. நம்ம டெல்டாவுல ஆடின்னா பதினெட்டாம் பெருக்கு, ஆடிப்பட்டம், ஆடித் தள்ளுபடி, ஆடிக்கேமரான்னா தள்ளுபடியில விக்கிற கேமரான்னு நினைப்பாங்கன்னார். மொதல் தடவை கேக்குறப்ப நினைக்கத்தான் செய்வாங்க. ஆனா தை மாசமும் துணி தைக்குற தையும் ஒரே ஒலிதான், யாரும் தடுமாறுறது இல்லையே. சேத்து ஒரே சொல்லா எழுதினா போதும். கண்ணாடிக்கேமரான்னு வைக்கலாமேன்னு அவரே கேட்டார், அதுல கண்ணாடியால செஞ்சதுங்குற பொருள் வந்துடுது, மூக்குக்கண்ணாடி வேற குறுக்க வரும். கேமராவக் கேமரான்னே விட்டுடுவோம், ஒளிப்படக்கருவி கட்டுரைக்கு நல்லாருக்கு, கடைக்காரர்கிட்ட பேச உதவாது.

இப்ப அக்கா கேள்வி. பையன் முடிவெடுக்க வேண்டியதே ஆடியா ஆடியிலியாங்குறதுதான். கேனான், நிக்கான் ரெண்டும் 2018ல முழு அளவு (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாருக்குன்னு ஆடியிலியில புது மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வளையம்) கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம் புது லென்ஸ் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். இதத் தொழிலா எடுத்துக்கிட்டு கல்யாண வீடியோ எல்லாம் பண்ணப்போறான்னா ஆடியிலிக்கே போங்க. கத்துக்கத்தான், பட்ஜெட்டும் கம்மின்னா பழைய ஆடிக்கேமரா இன்னைக்கும் அருமையான பொருள். நிக்கான் டி3500ல ஒரு சார்ஜுக்கு 1550 படம்னு கணக்கு, ஆடி வழியா பாக்குறப்ப ஆடியிலி மாதிரி மின்திரை ஒளிர வேண்டியதில்ல, வடுவூர் ஏரிக்கரையில காலையிலேருந்து கண்ண வச்சுக்கிட்டே உக்காந்தாலும் பேட்டரி தாங்கும்.

ஒண்ணு கவனிங்க, டி3500 கேமரா உடலுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மாமா ஸ்டுடியோவுல கிடந்த பழைய நிக்கான் 50 மி.மீ. டி வகை லென்ஸப் (தனக்குள்ள மோட்டார் இல்லாதது) போட்டா படம் வரும், ஃபோகஸக் கையாலதான் திருப்பணும். கேனானோட ஈஎஃப் வகை லென்ஸுக்கு மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு, 1987லேருந்தே அப்படித்தான். கேனான்ல 3000டிய விட்டுட்டு 1500டி பாருங்க, 3000டில லென்ஸ் மாட்டுற வளையமே பிளாஸ்டிக். பெரிய கோயில் விமானத்துக்கு 18-55 போதும், கோடியக்கரைப் பூநாரைக்குப் பத்தாது, பின்னாடி 55-250 வாங்கிக்கலாம், 1500டியோட சென்சார் முழு அளவ விடச் சின்னதுங்கிறதால 250-க்கு 1.6 மடங்கு சேந்து 400 மி.மீ. பார்வை கிடைக்கும்.

பழசு வாங்கினா லென்ஸுக்குப் பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்பக்கமா பாருங்க, சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சை, எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு நம்ம ஊர்ல இது சீக்கிரம் பரவும், வாங்குறப்பவே காத்துப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சேத்து வாங்கிடுங்க.

வியூஃபைண்டருக்கு இன்னும் சொல்லு அமையல. "காட்சிகாண்"னு ஒருத்தர் எழுதினத நான் வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன், நாக்குல உக்காரல. ஸ்டுடியோக்காரங்க "கண்ணு வைக்குற இடம்"ங்குறாங்க, அதுலேருந்து "கண்வாய்"னு எடுத்தா எப்படி இருக்கும்? ஐயாவும் கும்பகோணத்துத் தம்பியும் சொல்லுங்க.