களப்பணியை விடாமல் மனசைக் காப்பாற்ற மதுரையில் உதவி வேண்டும்

மேலூர்ப் பக்கம் இருக்கிறேன். 2024 கடைசியில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பில் இறங்கினேன். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஊரே கொண்டாடியது, எனக்குத் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இப்போது கண்மாய் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் வேலை. விடிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், அதுதான் ரொம்ப வலிக்கிறது.

இரவு 9 மணிக்கு மேல் போனை அணைத்துப் பார்த்தேன். 4 வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டை விட்டேன். அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரண்டு முறை பேசினேன். இலவசம், தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள், அன்றைக்கு மனசு லேசானது. அப்புறம் பழையபடிதான். வேலையை விட மனசில்லை, கண்மாய் போனால் திரும்பாது.

களப்பணி செய்பவர்களின் நிலை புரிந்து, நேரில் தொடர்ந்து பேசக்கூடிய மனநல ஆலோசகர் யாரையாவது மதுரையில் உங்களுக்குத் தெரியுமா?