கம்போடியா போயிட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

மக்களே, நவம்பர்ல நானும் தம்பியும் ஆளுக்கொரு முதுகுப்பையோட கம்போடியா கிளம்புறோம். முதல்ல தலைநகர் புனோம் பென், அப்புறம் கோ ரோங் சன்லோம் தீவு.

நாங்க போற நேரம் புனோம் பென்ல தண்ணீர்த் திருவிழா. டோன்லே சாப் ஆத்துல தண்ணி எதிர்த்திசையில ஓட ஆரம்பிக்கிற சமயம். அரண்மனை முன்னாடி படகுப் போட்டி நடக்கும். பாக்க ஆசைதான். ஆனா ஆத்தங்கரையில ரூம் வாடகை எகிறிடும்னு பயம். ரஷ்யன் மார்க்கெட் பக்கம் தங்கினா பரவாயில்லையா? துவோல் ஸ்லெங் சிறை மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்கியாச்சு, அதுல மாத்தமில்ல.

தீவுக்குப் படகு ஏறுற சிஹனூக்வில் ஊர் வரைக்கும் 2022ல திறந்த எக்ஸ்பிரஸ்வே இருக்கு, பஸ் கவலை இல்ல. தீவுலதான் குழப்பம். சாரசென் பே நீளமான வெள்ளை மணல், ரிசார்ட்டுகள் வரிசையா இருக்கு. எம்பாய் பே மீனவர் கிராமம், வாடகை கம்மின்னு கேள்வி. எங்களுக்கு ராத்திரி பாட்டுச் சத்தம் ஆகாது. இருட்டுல தண்ணியை அளைஞ்சா மினுங்குற பிளாங்டன்ங்கிற நுண்ணுயிர்களைப் பாத்தா போதும். எந்தப் பக்கம் எடுக்கலாம்?

டாலர் நோட்டு லேசா கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டாங்கன்னு தெரியும், அதை நான் பாத்துக்கறேன். தம்பி சாப்பாடுதான் தலைவலி. சுத்த சைவம், அங்க காய்கறிப் பொரியல்லகூட மீன் சாஸ் ஊத்திடுவாங்களாமே. சமாளிச்சவங்க யாராவது வழி சொல்லுங்க.