குல்மார்கில் பனிக்காகத் தங்கியபோது

பனி பார்க்க வேண்டும் என்று குல்மார்க் செல்பவர்களில் பெரும்பாலோர் ஸ்ரீநகரில் அறை எடுத்து, காலையில் கிளம்பி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து, மதியம் வரை பனியில் விளையாடிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். பயண ஏற்பாட்டாளர்கள் போட்டுத் தரும் திட்டமும் வழக்கமாக அப்படித்தான் இருக்கிறது. ஜனவரி இறுதியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாங்கள் சென்றபோது மேலேயே தங்குவது என்று முடிவு செய்தோம். தரையில் கிடக்கும் பனியைப் பார்ப்பது வேறு, வானத்திலிருந்து அது இறங்குவதைப் பார்ப்பது முற்றிலும் வேறு என்பது தங்கியதால்தான் தெரிந்தது. பனிக்காகவே அவ்வளவு தொலைவு போகிறவர்கள் ஓர் இரவாவது குல்மார்கிலேயே தங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் போன நாட்களைக் காஷ்மீரில் சில்லாய் கலான் என்கிறார்கள். டிசம்பர் 21 அன்று தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம் அது. அதன்பின் இருபது நாள் சில்லாய் குர்த், அடுத்து பத்து நாள் சில்லாய் பச்சா என்று குளிர் படிப்படியாகத் தணிகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் அங்கே பனியைக் கொண்டுவருகின்றன. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகாதா என்று நாம் ஐப்பசியில் காத்திருப்பதைப் போலவே, அவர்கள் மார்கழியிலும் தையிலும் மேற்கு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்த நாற்பது நாட்களில் விழும் பனி மலைமேல் இறுகி நின்று கோடையில் மெல்ல உருகி ஓடைகளையும் ஜீலம் ஆற்றையும் நிரப்புகிறது என்றும், மார்ச்சில் விழுவது எவ்வளவு விழுந்தாலும் சீக்கிரம் கரைந்துவிடும் என்றும் எங்கள் ஓட்டுநர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலுள்ள டங்மார்கிலிருந்து மேலே செல்லும் பதின்மூன்று கிலோமீட்டர் மலைப்பாதையில், பனி விழுந்த நாட்களில், சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டிய வண்டிகளையோ நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகளையோதான் அனுமதிக்கிறார்கள். அதனால் அங்கே வண்டி மாற வேண்டியிருக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸையும் கனத்த மேலங்கியையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாடகை பூட்ஸின் உட்புறம் ஈரமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் கம்பளிக் காலுறைகள் மட்டும் நம்முடையவையாக, மாற்றுக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்திருந்தது. நான்கு மணிக்கு மேல், பகல் பயணிகளின் வண்டிகளெல்லாம் இறங்கிப் போன பிறகு, பனி விழத் தொடங்கியது. அம்மா போர்த்தியிருந்த கருநீலச் சால்வையின் மேல் விழுந்த துகள்களை அருகில் வைத்துப் பார்த்தோம். பல துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய சிறு பஞ்சுத் திரள்களாக இருந்தன. நடுவே சில மட்டும் உடையாமல், ஆறு கைகளும் அவற்றின் பக்கக் கிளைகளும் தனித்தனியாகத் தெரியும்படி முழுமையாக விழுந்திருந்தன. மூச்சுக்காற்று பட்டதும் கைகள் முதலில் மழுங்கி, பிறகு முழுதும் ஒரு நீர்ப்பொட்டாகச் சுருங்கின. 1936-இல் ஆய்வகத்தில் முதன்முதலாகப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டிய ஜப்பானிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயா, வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறும்போது படிகத்தின் வடிவமும் மாறுவதைக் கண்டறிந்தார். கிளைவிட்ட நட்சத்திர வடிவம் சுழியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி அளவில் நன்றாக உருவாகிறது. தரையில் நாங்கள் உணர்ந்த குளிர் அவ்வளவு கடுமையானதல்ல. அந்த ஆறு கைகள் எங்களுக்கு மேலே இருந்த மேகத்தின் குளிரைக் காட்டிக்கொண்டிருந்தன.

“இவ்வளவு கொட்டுதே, ஒரு சத்தமும் இல்லையேடா” என்றார் அம்மா. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குல நீர்தான் கிடைக்கும் என்பார்கள். அந்தக் காற்றறைகள் ஒலியை உள்ளே இழுத்துக்கொள்வதால், பத்தடி தள்ளி நின்றவரின் குரல்கூட எங்களுக்கு மங்கியே கேட்டது. பகல் கூட்டத்தின் கூச்சலில் இதை உணரவே முடியாது.

அறையில் விறகு எரியும் இரும்புக் கணப்பு இருந்தது. அதை அங்கே புகாரி என்கிறார்கள். குழாய்கள் உறைந்துவிடாமலிருக்க, இரவு முழுவதும் நீரைச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடச் சொன்னார் விடுதியில் வேலை செய்த பெரியவர். அம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்து, தாம் ஃபெரன் அங்கிக்குள் வைத்திருந்த காங்கிரியை வெளியே எடுத்து, “மா ஜி” என்று நீட்டினார். சிறிய மண்கலத்தில் கரிக்கங்கு, அதைச் சுற்றிக் குச்சிகளால் பின்னிய கூடை, கங்கைக் கிளற ஒரு சிறு கரண்டி, அவ்வளவுதான். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அவரோடு தமிழில் பேசினார், அவர் காஷ்மீரியில் பதில் சொன்னார். தூங்கப் போகும் முன் மறக்காமல் வந்து அதை வாங்கிச் சென்றார். மூடிய அறையில் கரிநெருப்போடு உறங்குவது உயிருக்கே ஆபத்து என்பதால், காங்கிரியைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. வேலிக் கம்பங்களின் தலை மட்டும் தெரிய, தேவதாரு மரக்கிளைகள் பாரத்தில் தாழ்ந்திருந்தன. புதுப்பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை உண்மையாகவே புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் குழந்தைகளை வெளியே விடக் கூடாது. பலகை வண்டியில் பயணிகளை உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுக்கும் தொழிலாளர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒரு மனிதர் இழுக்கத் தாம் உட்கார்ந்து போவதா என்று அம்மா மறுத்துவிட்டார். நான் அதை இந்தியில் எடுத்துச் சொன்னபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தத் தொழிலாளி கோபப்படாமல் விளக்கினார். இந்தச் சில மாத வருமானம்தான் தம் வீட்டுக்கு ஆண்டு முழுமைக்கும் ஆதாரம் என்றும், 2024-இல் ஜனவரி மாதத்தின் பெரும்பகுதியும் இந்த மைதானம் பழுப்புப் புல்லாகக் கிடந்தபோது வண்டியை வெளியே எடுக்கவே இல்லை என்றும் சொன்னார். அந்த ஆண்டு மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-இலும் பனி போதாமல், பிப்ரவரியில் இங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இதைக் கேட்ட பிறகு அம்மா உட்கார்ந்தார். பேசிய கூலிக்கு மேலேயே கொடுக்கச் சொன்னார். அங்கே கூலியை அடித்துப் பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னதாகத் தெளிவாகப் பேசிக்கொண்டு, பேசியதை முழுதாகக் கொடுப்பதே முறை.

கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் கோங்டூரி வரையும், இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் நான்காயிரம் மீட்டரை நெருங்கும் உயரம் வரையும் செல்கிறது. சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். காற்று பலமானால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அம்மாவின் வயதைக் கருதி நாங்கள் கோங்டூரியோடு நின்றோம், அங்கிருந்து கிடைத்த காட்சியே போதுமானதாக இருந்தது. மேலே செல்பவர்கள் குறியிட்ட எல்லையைத் தாண்டவே கூடாது. 2023 பிப்ரவரியில் அஃபர்வட் சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். புதுப்பனி விழுந்த மறுநாள்தான் கண்ணுக்கு மிக அழகாகவும் சரிவதற்கு மிக ஏதுவாகவும் இருக்கிறது.

பயண ஏற்பாட்டைப் பொறுத்தவரை, பனி பொழியும் நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது வழக்கம். எங்கள் விமானமும் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 2025 ஜூன் முதல் ஜம்மு பக்கமுள்ள கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் ஓடுவதால், நெடுஞ்சாலை மூடிய நாட்களிலும் இப்போது ஒரு மாற்றுவழி இருக்கிறது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். திரும்பும் சீட்டுக்கும் அலுவலகம் திரும்ப வேண்டிய நாளுக்கும் நடுவே இரண்டு நாட்கள் இடைவெளி விட்டு, ஜனவரி கடைசி வாரத்துக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் பயணத்தை வைத்துக்கொண்டால், பனி பொழியும் ஒரு நாளாவது அமைவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.