சியாட்டிலில் பார்த்த போயிங் 80ஏ-1

சியாட்டில் விமான அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டையும், அமெரிக்க அதிபரின் பழைய விமானமான ஏர் ஃபோர்ஸ் ஒன்னையும் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் என்னை அங்கிருந்து நகரவிடாமல் பிடித்து வைத்தது ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கை வைத்த ஒரு இரட்டை இறக்கை விமானம், போயிங் 80ஏ-1. இந்த ரகத்தில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

இரட்டை இறக்கை என்றாலே ஒருவரோ இருவரோ உட்காரும் சின்ன விமானம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இதுவோ ஆளை மிரட்டுகிறது. மேல் இறக்கையின் நீளம் 80 அடி, மூன்று ஹார்னெட் எஞ்சின்கள், உள்ளே 18 பேருக்கு இடம். கிட்டப் போய்ப் பார்த்தால் இறக்கை முழுக்கத் துணி, அதற்கு அடியில் இருக்கும் சட்டங்கள் வரிவரியாகத் துருத்திக்கொண்டு தெரிகின்றன. இரண்டு இறக்கைக்கும் நடுவே கம்பியும் கட்டையுமாக ஒரே பின்னல். இதை நம்பியா ராக்கி மலையைத் தாண்டினார்கள் என்று மலைப்பாக இருந்தது.

இதற்கு முன்னால் 1927-இல் சிகாகோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தபால் சுமந்தது போயிங் 40ஏ. அதில் தபால் மூட்டைதான் முக்கியம், இரண்டே பயணிகளுக்கு ஒரு சின்ன அறை, விமானி பின்னால் திறந்தவெளியில் குளிரில் உட்கார்ந்திருப்பார். போயிங் 80 ரகத்தில் பயணிகளை முதலில் வைத்து யோசித்திருக்கிறார்கள்: தோல் இருக்கை, சூடேற்றிய அறை, குழாயில் வெந்நீர்கூட. விமானிக்கும் மூடிய அறை கொடுத்தார்கள், ஆனால் முகத்தில் காற்றுப்பட ஓட்டியே பழகிய சிலருக்கு அது பிடிக்காமல், திறந்த அறையோடு 80பி என்று ஒன்றைச் செய்துகூடப் பார்த்தார்கள்!

அப்புறம் எலன் சர்ச். விமானம் ஓட்டத் தெரிந்த நர்ஸ். விமானி வேலை கேட்டார், கிடைக்கவில்லை. பயணிகளைக் கவனிக்க நர்ஸ்களை வைக்கலாமே என்று அவரே யோசனை சொன்னார். 1930 மே 15 அன்று 80ஏ ஒன்றில் உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து சிகாகோ போய்ச் சேர வழியில் 13 இடங்களில் இறங்கி ஏறி, சுமார் 20 மணி நேரம். சம்பளம் மாதம் 125 டாலர். சாப்பாடு கொடுப்பது மட்டுமா வேலை? தரையோடு இருக்கைகளைத் திருகி இறுக்குவது, பெட்ரோல் நிரப்பக் கைகொடுப்பது, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளுவது எல்லாமே அந்தப் பெண்கள் பார்த்த வேலை. அந்தப் பெரிய உடம்புக்குப் பக்கத்தில் நின்று இதை நினைத்தபோது எனக்கு அவர்கள்மேல் மரியாதை பல மடங்கு கூடியது.

1934-இல் பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு. 1941-இல் இதே விமானத்தை ஒரு கட்டுமான நிறுவனம் சரக்குக்காக எடுத்தது. 11,000 பவுண்டு எடையுள்ள பாய்லரை ஏற்றுவதற்காக உடம்பை வெட்டிப் பெரிய கதவு வைத்தார்கள். கடைசியில் குப்பைமேட்டுக்குப் போய்விட்டதை 1960-இல்தான் மீட்டிருக்கிறார்கள். இப்படி உழைத்து ஓடாய்த் தேய்ந்ததாலேயே, பளபளப்பான ஜெட்களைவிட இது எனக்கு ஒரு படி மேல்.

சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் ஒரு போயிங் 40பி இருக்கிறது, அதை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்த இரண்டு பேர் அறைக்குள் ஒரு ஆள் எப்படி ஏறி உட்கார முடியும், கால் நீட்ட இடம் இருக்குமா என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.